உயிரோடிருக்கும் சிறுநீரகத்தில் காயத்தைப் பார்ப்பது

மாரி மழை பிடித்து வயலில் தண்ணீர் நின்றதும் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் இரண்டு பேச்சு வந்துவிடும். ஒன்று எலிக்காய்ச்சல், மற்றது கண்ணாடி விரியன். இரண்டுமே நல்லாயிருந்த சிறுநீரகத்தைச் சில நாட்களுக்குள் முடக்கக்கூடியவை. சிறுநீர் வற்றும், குருதியில் கிரியற்றினின் என்ற கழிவு ஏறும், சிலருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வரை போகும். பிறகு சில வாரங்களில் பலருக்குச் சிறுநீரகம் தானாகத் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. பதவி சிறீபுரப் பக்கத்தில் காணப்படும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயும் சிறுகுழாய்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள இழையத்தையும்தான் முதலில் பிடிக்கிறது. ஒரு சிறுகுழாய் தேறுகிறது, அதை ஒட்டிக் கிடக்கும் இன்னொன்று தழும்பாகிறது. ஏன்? வெட்டி நிறமேற்றிய இழையத் துண்டில் இதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். துண்டு ஒரு கணத்தைக் காட்டும். அதே குழாய்க்கு நாளைக்கு என்ன நடந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதனால்தான் மயக்கத்திலிருக்கும் சுண்டெலியின் சிறுநீரகத்தை, குருதி ஓடிக்கொண்டிருக்கும்போதே நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை வந்தது. இங்கே உயிரியல், சித்த மருத்துவம், தாதியியல் படித்துவிட்டு மேற்படிப்புக்கு ஆய்வுகூடம் தேடிப் போகும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். இந்த வேலையில் லேசரோ நிறமியோ முதல் ஆபத்து அல்ல. பார்ப்பதற்காகச் சிறுநீரகத்தை வெளியே எடுக்கும்போதே அதைக் காயப்படுத்திவிட்டு, அந்தக் காயத்தை நோயின் காயம் என்று எழுதிவிடுவதுதான் ஆபத்து. கீழே வரும் எல்லா விபரமும் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காகத்தான்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரு போட்டன்கள் (ஒளித்துகள்கள்) ஒரே நேரத்தில் ஒரு மூலக்கூறில் உறிஞ்சப்படலாம் என்று 1931இல் மரியா கோப்பர்ட் மேயர் கணித்தார். 1990இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் அதை இரு போட்டன் நுணுக்குக்காட்டியாக்கினார்கள். அகச்சிவப்புக்கு அண்மையான ஒளி இழையத்துக்குள் குறைவாகச் சிதறும். நிறமி ஒளிர்வது குவியப் புள்ளியில் மட்டும் என்பதால் மேலும் கீழும் உள்ள கலங்கள் வீணாக எரிவதில்லை. 2002 அளவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் டன், மொலிட்டோரிஸ் குழுவினர் பல நிறமிகளைச் சேர்த்து, உயிருள்ள விலங்கின் சிறுநீரகத்தில் இதை வழக்கமான ஆய்வு முறையாக்கிக் காட்டினார்கள்.

ஆனால் சிறுநீரகம் மூளையைப் போல ஒளியை உள்ளே விடாது. குழாய்கள் நெருக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன, இடையெல்லாம் குருதி. மேற்பரப்பிலிருந்து 100 மைக்ரோமீற்றர், நல்ல நாளில் 150, அவ்வளவுதான் தெளிவாகத் தெரியும். சுண்டெலியின் மேற்பட்டையின் தடிப்போ ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். குருதித் தடையில் மிக மோசமாகச் சாகும் பகுதி, வடிகட்டலுக்கு அடுத்து வரும் அண்மைக் குழாயின் கடைசித் துண்டான எஸ்3. அது மேற்பட்டைக்குக் கீழே, புற மையவிழையத்தில் இருப்பதால் இந்தக் கருவிக்கு எட்டாது. திரையில் தெரிபவை அண்மைக் குழாயின் முன் துண்டுகளான எஸ்1, எஸ்2, பின்னால் வரும் சேய்மைக் குழாய், மயிர்க்குழாய்கள் மட்டும். "காயம் சிறியது" என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கலன்கோளம் (குருதியை வடிகட்டும் மயிர்க்குழாய் முடிச்சு) பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு சொல். மியூனிச் விஸ்டார் எலிகளில் கலன்கோளங்கள் மேற்பரப்பிலேயே இருக்கும். சி57 கறுப்புச் சுண்டெலியில் அவை அபூர்வம். 4, 5 வாரக் குட்டிகளில் சில கிடைக்கும், வளர்ந்ததில் தேடியே நேரம் போய்விடும். சுண்டெலிதான் கையில் இருக்கிறதென்றால் குழாயையும் மயிர்க்குழாயையும் கேள்வியாக்கிக்கொள்வது நல்லது.

ஆயத்தத்துக்கு வருவோம். ஐசோபுளூரேன் 3 வீதத்தில் மயக்கி, பிறகு 1 முதல் 2 வீதத்தில் வைத்திருக்கலாம். சுவாசம் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கி விலங்கு பெருமூச்சு விடத் தொடங்கினால் மயக்கம் கூடிவிட்டது, குருதியமுக்கமும் இறங்கியிருக்கும். குருதியமுக்கம் இறங்கினால் வடிகட்டல் குறையும், குழாய் ஒடுங்கும். திரையில் அது காயம் போலவே தெரியும். கெட்டமைன், சைலசீன் கலவையிலும் இதே தொல்லை உண்டு. வலிநிவாரணியாகப் பியூப்ரனோர்பின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம், வெட்டுவதற்கு முன்பே போட வேண்டும்.

உடல் வெப்பநிலைக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். மலவாயிலில் வெப்பமானி வைத்து 36.5க்கும் 37.5க்கும் இடையில் பிடிக்க வேண்டும். அடியில் சூடாக்கும் தட்டு போட்டால் மட்டும் போதாது. நீரில் தோயும் ஒப்ஜெக்டிவ் வில்லை பெரிய உலோகக் கட்டி. அது அறை வெப்பநிலையில் இருந்தால் சிறுநீரகத்திலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலவாயில் 37 காட்டும், சிறுநீரகமோ அதைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும். ஆகவே வில்லைக்கும் ஒரு சூடாக்கும் பட்டி சுற்ற வேண்டும். எங்களைப் போன்ற சூட்டு நாட்டில் கருவி அறைக்கு ஏசி இல்லாமல் முடியாது. அந்த ஏசிக் காற்று நேரே மேசையில் விழுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மின்தடை வரக்கூடிய இடமென்றால் லேசருக்கு மட்டுமல்ல, சூடாக்கும் தட்டுக்கும் யூபிஎஸ் இணைப்பு வேண்டும். பத்து நிமிடக் குளிர் அன்றைய தரவு முழுவதையும் கெடுத்துவிடும்.

இடது சிறுநீரகத்தை எடுப்பது சுகம். வலது ஈரலுக்கு அடியில் ஏறி இருக்கும். இடுப்புப் பக்கத்தில், கடைசி விலாவுக்குக் கீழே தோலில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வெட்டு. தசையில் அதைவிடச் சற்றுக் குறைவாக. தசைத் திறப்பு இறுகினால் நாளம் நெரிந்து சிறுநீரகம் வீங்கிக் கறுக்கும். தளர்ந்தால் மூச்சுக்கு மூச்சு உள்ளே வழுக்கும். இடுக்கியால் சிறுநீரகத்தைப் பிடிக்கவே கூடாது. சுற்றியுள்ள கொழுப்பை மெதுவாகப் பிடித்து, மறுபக்கத்தில் ஈரமான பஞ்சுக்குச்சியால் தள்ளினால் அது தானாக வெளியே வரும். குருதிக்குழாய்க் காம்பு முறுகாமலும் இழுபடாமலும் இருக்கிறதா என்று அப்போதே வடிவாகப் பாருங்கள்.

வில்லை கீழேயிருக்கும் தலைகீழ் நுணுக்குக்காட்டியானால், அடியில் 0.17 மில்லிமீற்றர் கவர்சிலிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு) ஒட்டிய 50 மில்லிமீற்றர் வட்டிலில் இளஞ்சூடான சேலைன் விட்டு, சிறுநீரகம் கண்ணாடியில் படும்படி விலங்கைப் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். சிறுநீரகம் கண்ணாடியைத் தொட்டால் போதும், விலங்கின் பாரம் அதன்மேல் இறங்கக் கூடாது. வயிற்றுக்குக் கீழே ஈரத் துணி மடித்து வைத்துப் பாரத்தைத் தாங்கிக்கொடுக்கலாம். ஒரு மயிர் இடையில் சிக்கினாலும் படத்தில் வெள்ளைக் கோடு விழும். ஆதலால் மயிரை மழித்து ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்துவிட்டே வெட்ட வேண்டும்.

நிறமிகள் கழுத்து நாளத்தில் மெல்லிய குழாய் வழியாகப் போவது வசதி. வால் நாளமும் உதவும். 25 கிராம் சுண்டெலியின் மொத்தக் குருதியே ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். ஒரே முறையில் 125 மைக்ரோலீற்றருக்கு மேல் செலுத்தாதீர்கள். கருக்களுக்கு ஹெக்ஸ்ட் 33342, 50 முதல் 100 மைக்ரோகிராம். திரவவிழையத்துக்கு (பிளாஸ்மா) 70 கிலோடால்டன் (மூலக்கூறின் நிறை அலகு) அல்லது அதைவிடப் பெரிய சிவப்பு ரொடமைன் டெக்ஸ்ட்ரன் (நிறமி பூட்டிய சர்க்கரைச் சங்கிலி), 0.5 முதல் 1 மில்லிகிராம். வடிகட்டலைப் பார்க்க 4 அல்லது 10 கிலோடால்டன் பச்சை டெக்ஸ்ட்ரன். இந்த மூன்றையும் 800 நானோமீற்றரில் ஒன்றாக ஒளிர வைக்கலாம். இறந்த கலங்களின் கருவை மட்டும் சிவப்பாக்க புரோப்பிடியம் அயடைட்டு.

நிறமி போடுவதற்கு முன் வெறும் சிறுநீரகத்தை ஒரு தரம் படம் பிடித்து வைப்பதைத் தவறவிடாதீர்கள். அண்மைக் குழாய் இயல்பாகவே பச்சை நீலமாக ஒளிரும், அதற்குள் மஞ்சள் செம்மஞ்சள் புள்ளிகளாக இலைசோசோம்கள் (கலத்தின் கழிவுப் பைகள்) தெரியும். சேய்மைக் குழாய் இருட்டாக இருக்கும். இந்த முன்படம் இல்லாமல், "நிறமி கலத்துக்குள் போயிற்று" என்று இலைசோசோமைக் காட்டி எழுதியவர்கள் உண்டு.

டெக்ஸ்ட்ரனிலும் ஒரு பொறி இருக்கிறது. போத்தலில் 70 கிலோடால்டன் என்று எழுதியிருப்பது சராசரி மட்டும். சிறிய துண்டுகளும் தனி நிறமியும் கலந்திருக்கும். அவை சுகமான விலங்கிலும் வடிந்து குழாய்க்குள் வரும். அதைப் பார்த்து வடிகட்டி கிழிந்துவிட்டது என்று முடிவெடுப்பது பெரும் பிழை. பயன்படுத்துவதற்கு முன் இரவு முழுக்க சேலைனில் கூழ்ப்பிரிப்புச் செய்து (சிறிய துண்டுகளைச் சவ்வு வழியே வெளியேற விட்டு), மறுநாள் காயமில்லாத விலங்கில் போட்டுப் பார்த்த பின்பே அந்தப் போத்தலை நம்பலாம்.

சுகமான சிறுநீரகம் திரையில் எப்படியிருக்கும் என்பதைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். அண்மைக் குழாய்களின் உட்குழி திறந்திருக்கும், அதன் ஓரம் தூரிகை விளிம்பால் (கலத்தின் நுண்விரல்கள்) மென்மையாக இருக்கும். மயிர்க்குழாய்களில் திரவவிழையம் ஒளிரும், நிறமி புக முடியாத செங்குழியங்கள் அதற்குள் கருநிழல்களாக ஓடும். ஓட்டம் கண்ணால் எண்ண முடியாத வேகத்தில் இருக்கும். எண்ண முடிந்தால் ஏதோ பிழை. சிறிய பச்சை டெக்ஸ்ட்ரனைச் செலுத்திய சில விநாடிகளிலேயே எஸ்1 குழாய்களின் உள்ளே பச்சை பளிச்சிடும், பிறகு அலையாக அடுத்த சுருளுக்கு நகரும். முதல் பளிச்சிடல் மங்கியபின் சேய்மைக் குழாய்கள் ஒவ்வொன்றாக ஏறும். நீர் உறிஞ்சப்பட்டதால் அங்கே பச்சை இன்னும் அடர்த்தி. இந்த அலை வராவிட்டால் அன்று காயப் பரிசோதனையைத் தொடங்க வேண்டாம். காம்பு முறுகியிருக்கும், அல்லது கண்ணாடி அழுத்துகிறது, அல்லது மயக்கம் கூடிவிட்டது.

கண்ணாடி அழுத்துகிறதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தின் நடுவில் மயிர்க்குழாய்கள் வெறுமையாக, ஓரங்களில் ஓட்டம் நன்றாக இருந்தால் அது அழுத்தம். சிறுநீரகத்தை ஒரு முடியளவு விலக்கி ஐந்து நிமிடம் பொறுங்கள். லேசர் எரிக்கிறதா என்று அறிய, ஓரிடத்தைச் சிறிது நேரம் வருடிவிட்டு உருப்பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள். வருடிய சதுரம் மட்டும் பக்கத்து இழையத்தைவிட வெளிறியோ பிரகாசமாகவோ தனித்துத் தெரிந்தால், அது நீங்கள் போட்ட சூடு. வில்லைக்குக் கீழே மின்வலுமானி வைத்து அளந்து, மேற்பரப்புக்கு 5 முதல் 10 மில்லிவாட்டுக்குள் தொடங்கி, ஆழத்துக்குப் போகும்போது மட்டும் சிறுகச் சிறுக ஏற்றுவது வழக்கம்.

இனிக் காயம். குருதித் தடையும் மீளோட்டமும், அதாவது ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப விடுவது, பழைய, நம்பகமான மாதிரி. காம்பில் நுண் கிளாம்ப் போட்டு 20 முதல் 30 நிமிடம். சிறுநீரகம் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறமாகக் கறுக்க வேண்டும், கிளாம்பை எடுத்ததும் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் கண்ணால் கண்டு, நேரத்தைக் குறித்து வையுங்கள். பாதி மட்டும் கறுத்தால் கிளையொன்று கிளாம்புக்குத் தப்பியிருக்கிறது, அந்த விலங்கின் தரவைச் சேர்க்கக் கூடாது. வெப்பநிலை இங்கேயும் எஜமான். அதே 25 நிமிடம், உடல் 34 பாகையில் இருந்தால் காயமே இல்லாததுபோல் இருக்கும், 38 தாண்டினால் விலங்கு தப்பாது. ஆண் சுண்டெலிகள் பெண்களைவிடக் கூடக் காயப்படும், ஆகவே கலந்து கணக்குப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கிளாம்ப் போட்டால் மறுபக்கம் வேலையைத் தாங்கிக்கொள்ளும், கிரியற்றினின் எதையும் காட்டாது. அத்தோடு, மறு சிறுநீரகம் சுகமாக இருக்கும்போது காயப்பட்டது சுருங்கிப் போகும் போக்கும் அதிகம். தேறுதலைப் பார்க்கிறீர்களா, சுருக்கத்தைப் பார்க்கிறீர்களா என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

நச்சு மாதிரிகளில் புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினும் அரிஸ்டலோக்கிக் அமிலமும் வழக்கம். இரண்டாவது எங்கள் பக்கத்துக்கு நெருக்கமானது. ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டலோக்கியா இனம், அதில் இந்த அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்சில் மெலிவதற்கான மூலிகை வில்லைகளை எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் தழும்பாகிச் செயலிழந்ததற்குக் காரணமும் இதே குடும்பச் செடிதான் என்று தெரியவந்தது. சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இந்தச் செடியின் பெயரைப் பாடத்தில் காணும்போது அண்மைக் குழாயையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மீளோட்டம் தொடங்கிய முதல் நிமிடங்களில் மயிர்க்குழாய்களைப் பாருங்கள். செங்குழியங்கள் அடுக்கிய நாணயம்போல் நெருங்கி நிற்கும், சில குழாய்களில் ஓட்டம் நின்று, பிறகு எதிர்த்திசையில் ஓடித் திரும்பும். ஹெக்ஸ்ட் ஏறிய வெண்குழியங்கள் சுவரில் ஒட்டி நிற்பது நீலப் புள்ளியாகத் தெரியும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அண்மைக் குழாயின் விளிம்பிலிருந்து குமிழிகள் பிரிந்து உட்குழிக்குள் மிதக்கும். அவை திரண்டு கீழே அடைத்தால் மேலேயுள்ள குழாய் விரியும், பச்சை அலை அங்கேயே நின்றுவிடும். மயிர்க்குழாயின் உட்சுவரான அகவணி கசியத் தொடங்கினால் சிவப்பு டெக்ஸ்ட்ரன் குழாய்களுக்கு இடையே பனிபோல் பரவும். 24 மணி நேரத்தில் இது நன்றாகத் தெரியும். கிரியற்றினின் உச்சத்துக்கு வருவதும் ஏறத்தாழ அப்போதுதான்.

நிறமியே இல்லாமல் பார்க்கக்கூடியதும் ஒன்று உண்டு. கலம் சக்திக்காக எரிக்கும் என்.ஏ.டி.எச் என்ற மூலக்கூறு 730 முதல் 740 நானோமீற்றரில் தானாக ஒளிரும். குருதி நின்ற சில விநாடிகளில் அண்மைக் குழாயில் அது ஏறும், ஏனென்றால் இழைமணிகளுக்கு ஒட்சிசன் இல்லை, எரிக்க வேண்டியது தேங்குகிறது. ஓட்டம் திரும்பியதும் இறங்கும். கிளாம்ப் உண்மையில் பிடித்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓட்ட வேகத்தை அளக்க முழுப் படம் வேண்டாம், ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப வருடினால் போதும். மயிர்க்குழாயின் நீளத்தில் 50 மைக்ரோமீற்றர் கோடு, ஒரு வருடலுக்கு 1 மில்லிவிநாடி என்று வையுங்கள். வருடல்களைக் கீழ்நோக்கி அடுக்கிய படத்தில் செங்குழியத்தின் நிழல் சாய்ந்த கறுப்புக் கோடாக விழும். அது 100 வருடலில் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் 100 மில்லிவிநாடியில் 50 மைக்ரோமீற்றர், அதாவது விநாடிக்கு 500. கோடு செங்குத்தாக நிமிர்ந்துவிட்டால் ஓட்டம் நின்றுவிட்டது. இந்தக் கணக்கைப் பீஜி என்ற இலவச மென்பொருளில் சாதாரண மடிக்கணினியிலேயே செய்யலாம். கருவி கையில் இல்லாதவர்களும் மற்றவர்கள் பொதுவில் வைத்திருக்கும் படங்களைக் கொண்டு வீட்டிலிருந்தே பழகலாம்.

தேறுதலைப் பார்ப்பதற்குத் திரும்பத் திரும்ப வெட்டித் திறக்க முடியாது. அதற்குத்தான் வயிற்றுச் சாளரம். ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் தைத்தேனிய வளையம், அதன் மேல் ஒட்டிய கவர்சிலிப். வளையத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதற்குள் தோலையும் தசையையும் சுருக்குப்பை வாய்போலத் தையல் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். சிறுநீரகத்தை வளையத்தின் விளிம்பில் மட்டும் சயனோஅக்ரிலேட் பசையால் பிடிக்க வைப்பார்கள். பசை ஒரு துளி கூடினால் கண்ணாடிக்கு அடியில் பரவிக் காய்ந்து வெள்ளையாகும், அந்தச் சாளரம் வீண். சாளரம் போட்டதே ஒரு காயம் என்பதால் முதல் சில நாட்களின் வெண்குழியக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வாரக்கணக்கில் ஓடும்போது கண்ணாடிக்குக் கீழே நார் வளர்ந்து படம் மங்கும். மங்குவது சாளரமா, சிறுநீரகமா என்று பிரிக்க, காயமில்லாத ஒரு விலங்குக்கும் அதே நாளில் சாளரம் போட்டிருக்க வேண்டும்.

அதே குழாயை அடுத்த நாள் கண்டுபிடிக்க, முதல் நாளே குறைந்த உருப்பெருக்கத்தில் குருதிக்குழாய் வரைபடம் ஒன்று எடுத்துவிடுங்கள். குழாய்கள் வீங்கி உருமாறும், பெரிய நாளக் கிளைகள் அவ்வளவு இடம் மாறாது. சில கலங்களை மட்டும் பல நிறத்தில் ஒளிர வைக்கும் மரபணு மாற்றிய சுண்டெலி கிடைத்தால் வேலை இன்னும் துல்லியம். 2013இல் தென் கலிபோர்னியாவில் பெட்டி-பீட்டர்டி குழுவினர் அதே கலங்களைப் பல நாள் தொடர்ந்து, அவை இடம் நகர்வதையே காட்டினார்கள். இறந்த கலங்களின் இடத்தை வெளியிலிருந்து வந்த கலங்கள் நிரப்புவதில்லை, குழாய்ச் சுவரில் பிழைத்த மேலணிக் கலங்களே பெருகி நிரப்புகின்றன என்பதை ஹம்ப்ரீஸ் குழுவினர் 2008இல் மரபணு அடையாளமிட்டு நிறுவியிருந்தார்கள். சாளரத்தில் பார்க்கும்போது இந்த நிரப்புதல் தட்டையான கலங்களாகத் தெரியும். கரு அகன்று, தூரிகை விளிம்பு இல்லாமல் இருக்கும். ஒரு வாரத்தில் பல குழாய்கள் உயர்ந்து பழைய வடிவுக்கு வரும். வராதவற்றைச் சுற்றி மயிர்க்குழாய்கள் மெலிந்திருப்பதைக் கவனியுங்கள். கிரியற்றினின் இயல்புக்கு வந்த பிறகும் இந்த மெலிவு தொடரும். ஆஸ்பத்திரி அறிக்கை சரியாகிவிட்ட நோயாளியைப் பல மாதம் கழித்தும் திரும்ப வரச் சொல்வதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது.

தழும்பைப் பார்க்க 860 நானோமீற்றர் அளவில் கொலாஜன் நார் நிறமியில்லாமலே ஒளியை இரட்டித்துத் திருப்பும், அது 430 பக்கத்தில் வரும். சிறுநீரக உறை முழுவதும் கொலாஜன் என்பதால் முதல் 10, 15 மைக்ரோமீற்றரை அளவில் சேர்க்காதீர்கள்.

இதற்கெல்லாம் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே விலங்கைப் பல நாள் பார்ப்பதால் எண்ணிக்கை குறைவது நல்ல விடயம். ஆனால் அதே விலங்கு பல தரம் மயக்கத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு முறையும் சூடான சேலைன் 0.2 மில்லிலீற்றர் தோலுக்கடியில் கொடுத்து, எழுந்து நடமாடும் வரை பக்கத்திலிருந்து, அன்றன்று எடை பார்க்க வேண்டும். 20 வீதத்துக்கு மேல் எடை குறைந்தால் நிறுத்துவது என்ற எல்லையை முன்பே எழுதி வையுங்கள்.

கடைசி நாளில் சிறுநீரகத்தைப் பதப்படுத்தி வெட்டி, எஸ்3 இருக்கும் ஆழத்தை நிறமேற்றிப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்த பக்கம் எது என்பதற்கு உறையில் ஒரு துளி மை வைத்து விட்டால், வெட்டும்போது திசை மாறாது.